பாக்கியம் பெயரின் நடுவே ஒரு சுழி

இருபத்தெட்டு வருடம் நான் போஸ்ட்மாஸ்டராக இருந்தேன். அந்த இருபத்தெட்டு வருடத்தில் ஒரு தபால்தலைகூட விற்றதில்லை. மெயில் சர்வரைக் கவனிப்பவருக்கு உலகம் முழுக்க அதுதான் பெயர் என்று எத்தனை முறை விளக்கினாலும் என் நாத்தனாருக்கு ஏறவில்லை. "அண்ணி போஸ்டாபிஸ்ல பெரிய வேலை" என்று சிராங்கூன் சாலையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். ஒரு தடவை பார்சல் ஒன்று தொலைந்துபோனதற்கு என்னிடம் சண்டைக்கே வந்தாள்.

என் இடத்துக்கு வந்திருக்கும் ஜெயந்தி போன மாதம் போன் செய்தாள். இப்போது சர்வரின் லாக்கை யாரும் கண்ணால் வாசிப்பதில்லையாம். ஒரு திரையில் கொட்டிவிட்டால், மெயில் ஏன் திரும்பி வந்தது என்று அதுவே சொல்லிவிடுமாம். "அக்கா, அந்தக் காலத்துல எப்படித்தான் கண்டுபிடிச்சீங்க? ஆபிஸ் நியூஸ்லெட்டருக்கு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்களேன், ஃபன்னியா" என்றாள். நான் வேலையை விட்டு மூன்று வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் அந்தக் காலமாம். கோபத்தில் ரெண்டு பக்கத்துக்கு மேலேயே எழுதுகிறேன்.

எங்கள் நிறுவனம் கப்பல்களின் குடிநீரைச் சோதிப்பது. டோபி காட் பக்கம் ஒரு கட்டடத்தில் நான்கு மாடி, முந்நூறு பேர். நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள். மெயில் வந்த புதிதில், அந்த இயந்திரத்தை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டபோது எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். நான் அசட்டுத்தனமாக மேலதிகாரியின் முகத்தைப் பார்த்துவிட்டேன். ஆறு சனிக்கிழமை வகுப்பு, தடியாக ஒரு புத்தகம், அவ்வளவுதான் என் பயிற்சி.

லாக் என்பது சர்வர் எழுதும் நாட்குறிப்பு. ஒரு மெயில் உள்ளே வந்தால் ஒரு வரி. வெளியே போனால் ஒரு வரி. எதிர்ப்பக்கத்துச் சர்வர் என்ன பதில் சொன்னது என்று ஒரு வரி. பதில் 250 என்று தொடங்கினால் வாங்கிக்கொண்டேன் என்று அர்த்தம். 450 என்றால் இப்போது முடியாது, பிறகு வா. 550 என்றால் வராதே, போ. நொடி சுத்தமாக நேரம் போட்டிருக்கும்.

இது கையில் இருந்தால் அலுவலகத்தில் யாரும் உங்களிடம் பொய் சொல்ல முடியாது. எங்கள் ஊர் 'லா' சேர்த்த "மெயில் வரலலா" என்பதுதான் சிங்கப்பூரில் அதிகமாகச் சொல்லப்படும் பொய் என்று நான் அடித்துச் சொல்வேன். கணக்குப் பிரிவில் ஒருவர் அதைச் சொல்லிக்கொண்டே லிப்டில் ஏறினார். "ஒன்பது பதினாலுக்கு வந்துச்சு, முப்பத்திரண்டாவது நொடில" என்றேன் பக்கத்தில் நின்றபடி. மறுநாள் எனக்கு ஒரு டப்பா குவே பலகாரம் வந்து சேர்ந்தது. இன்னொருவர், தன் மெயிலை மட்டும் சர்வர் வேண்டுமென்றே நிறுத்துகிறது, இது பாரபட்சம் என்று மேலிடம் வரை போனார். அவர் அனுப்பிய முகவரியின் கடைசியில் 'காம்' என்பதற்குப் பதிலாக 'கான்' என்று தட்டியிருந்தார். அதை அச்சடித்து, சிவப்பு வட்டம் போட்டு, அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். எனக்கு அப்போது கொஞ்சம் திமிர் உண்டு. இப்போதும் உண்டு.

என் மேலதிகாரி திரு. அருளப்பு. யாழ்ப்பாணத்து வழிக் குடும்பம், மூன்று தலைமுறையாக இங்கேதான். என்னைவிட மூன்று வயது இளையவர், ஆனால் நடையிலும் பேச்சிலும் முப்பது வயது மூத்தவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு அடிக்கோல். லாக்கை அச்சடித்துக் கொண்டுபோனால், அந்த அடிக்கோலை ஒரு வரிக்குக் கீழே வைப்பார். பிறகு வாய்விட்டு வாசிப்பார். எழுத்தை மட்டுமல்ல, ஒரு புள்ளி, ஒரு கமா, ஒரு இடைவெளி விடமாட்டார். "கோலன். ஸ்பேஸ். ஆங்கிள் பிராக்கெட். பி. ஏ. டொட்." ஒரு வரி முடிய ஒரு கோப்பி ஆறிவிடும். "எனக்குத் தோணுது சார்..." என்று யாராவது ஆரம்பித்தால் அடிக்கோலைத் தூக்கிக் காட்டுவார். "தோன்றுறதை வீட்டில வையுங்கோ. வரி என்ன சொல்லுது?"

அவர் வாசிப்பதைப் போல வாசித்துக் காட்டுவதில் நான் கெட்டிக்காரி. சாப்பாட்டு நேரத்தில் லிட்டில் இந்தியாக் கடையில் தோசை மெனுவை அவர் குரலில் வாசிப்பேன். பக்கத்து மேஜைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள்.

சரி, கதைக்கு வருகிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பாக்கியம் என் மேஜைக்கு வந்து நின்றார். பரிசோதனைப் பிரிவில் அறிக்கை தயாரிப்பவர். ஒவ்வொரு புதன்கிழமையும் அந்த வாரத்துச் சோதனை முடிவுகளை நார்வேயில் உள்ள ஒரு கப்பல் அலுவலகத்துக்கு மெயிலில் அனுப்ப வேண்டும். அதுதான் அவருடைய முக்கிய வேலை. நாற்பத்தைந்து வயது, அதிர்ந்து பேசாதவர். அன்றைக்குக் கையில் ஒரு கடிதம் இருந்தது. அதை என் முன்னால் விரித்து வைத்தார்.

நார்வேயில் புதிதாக வந்த அதிகாரி, மூன்று மாதமாக உங்களிடமிருந்து ஒரு அறிக்கைகூட வரவில்லை என்று எழுதிவிட்டார். பாக்கியத்தின் மேலாளர் கேட்டதற்கு, ஒவ்வொரு வாரமும் அனுப்பினேன் என்று இவர் சொன்னார். அனுப்பியதைக் காட்டு என்றால் அவருடைய மெயில் பெட்டியில் ஒன்றும் இல்லை. வேலையையும் செய்யவில்லை, பொய்யும் சொல்கிறார் என்று முடிவு கட்டி, வெள்ளிக்கிழமை மனிதவளப் பிரிவில் விசாரணை வைத்துவிட்டார்கள். பொய் நிரூபணமானால் வேலை போய்விடும் என்று கடிதத்திலேயே போட்டிருந்தது.

"அக்கா, நான் அனுப்புனேன். சாமி சத்தியமா அனுப்புனேன். நீங்க பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நானும் நம்பவில்லை. 'மெயில் வரலலா' கூட்டத்தை அத்தனை வருடம் பார்த்தவள் நான். 'அனுப்புனேன்லா' என்பது அதன் தங்கச்சிதானே என்று நினைத்தேன். பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

மத்தியானம் லாக்கைத் திறந்தேன். லாக்கில் இருந்த அத்தனை புதன்கிழமையும் பாக்கியத்தின் மெயில் இருந்தது. வந்தது, நார்வேக்குப் போனது, நார்வே 550 என்று துரத்தியது. காரணம் என்று நார்வே சொன்னது ஒரே வாக்கியம்: அனுப்புநர் வரி ஒழுங்காக இல்லை. அதற்கு அடுத்த வரியில் எங்கள் சர்வர், 'உன் மெயில் திரும்பிவிட்டது' என்று, 'மெயிலர் டீமன்' என்ற பெயரில், ஒரு அறிவிப்பைப் பாக்கியத்தின் பெட்டியிலேயே போட்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் போட்டிருந்தது.

அனுப்பியது உண்மை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் திரும்பிவிட்டது என்பதும் தெரிந்திருக்க வேண்டுமே. ஒருவேளை தெரிந்தே மறைத்தாரா? நேரே அவர் மேஜைக்குப் போனேன்.

"மெயிலர் டீமன்னு ஒண்ணு வாராவாரம் வந்துச்சே, பார்க்கலையா?"

"வந்துச்சுக்கா. டீமன்னா பேய்தானே? பேரப் பாத்தாலே வைரஸ்னு தெரியுது. உடனே டெலிட் பண்ணிட்டேன்."

"ஏன் டெலிட் பண்ணுனீங்க?"

"நீங்கதானே பண்ணச் சொன்னீங்க" என்று தலைக்கு மேலே கையைக் காட்டினார்.

அங்கே, பிளாஸ்டிக் உறை போட்டு, நான்கு மூலையிலும் ஊசி குத்தி, என் சுற்றறிக்கை தொங்கியது. தெரியாத பெயரில் வரும் மெயிலைத் திறக்காதீர்கள், உடனே அழித்துவிடுங்கள். அனுப்பிய மெயில்களைச் சேர்த்து வைக்காதீர்கள், வெள்ளிக்கிழமைதோறும் அழித்துவிடுங்கள். இப்படிக்கு, வசந்தா, போஸ்ட்மாஸ்டர். முந்நூறு பேரில் ஒருவர்கூட அதை மதிப்பதில்லை என்று வருடக்கணக்காகப் புலம்பியிருக்கிறேன். மதித்தவர் ஒருவர் இருந்திருக்கிறார். அவருடைய ஆதாரத்தையெல்லாம் என் பேச்சைக் கேட்டு அவரே அழித்திருக்கிறார். நேரே என் மேஜைக்குத் திரும்பினேன்.

இனி இதைக் கண்டுபிடிக்காமல் விட முடியாது. நார்வே ஏன் துரத்துகிறது? என் பெயரில் ஒரு மெயில் அனுப்பினேன். 250, வாங்கிக்கொண்டது. பாக்கியத்தை உட்காரவைத்து, 'டெஸ்ட்' என்று ஒரே ஒரு சொல்லை அனுப்பச் சொன்னேன். 550. அறிக்கையில் கோளாறு இல்லை, இணைப்பில் கோளாறு இல்லை. நார்வேக்குப் பாக்கியத்தைத்தான் பிடிக்கவில்லை.

லாக்கில் இதற்குமேல் இல்லை. எங்கள் வாசலை விட்டு வெளியேறும் நிலையில் அந்த மெயிலின் பிரதி ஒன்றைப் பிடித்தேன். அச்சடித்தேன். புதன்கிழமை முழுக்கப் பார்த்தேன். அனுப்புநர் வரியில் அவருடைய பெயர், பக்கத்தில் முகவரி. பெயர் சரி, முகவரி சரி. கண் வலித்ததுதான் மிச்சம்.

வியாழக்கிழமை மத்தியானம் எரிச்சல் தலைக்கேறியது. அறையில் யாரும் இல்லை. எரிச்சல் வந்தால் எனக்குக் குரங்குச் சேட்டை வரும். ஒரு அடிக்கோலை எடுத்து வரிக்குக் கீழே வைத்தேன். தொண்டையைச் செருமி, திரு. அருளப்புவின் குரலில், அதே இழுவையில் வாசிக்க ஆரம்பித்தேன். "எஃப். ஆர். ஓ. எம். கோலன். ஸ்பேஸ். பி. ஏ. சி. கே..." பெயரின் முதல் பாதி முடிந்தது. "ஸ்பேஸ். அட்."

அட்?

அடுத்து இருந்தது @. மெயில் முகவரியின் நடுவில் வருகிற அதே சுழி, பாக்கியத்தின் பெயருக்கு நடுவில் உட்கார்ந்திருந்தது. ஒன்றரை நாளாக அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். என் கண்ணுக்கு அது உறுத்தவில்லை, ஏனென்றால் சிங்கப்பூரில் பிறந்தவருக்கு ஐசியில், அதாவது அடையாள அட்டையில், உள்ள அந்தச் சுழி 'அட்' இல்லை, 'எலியாஸ்', 'என்கிற' என்று அர்த்தம். இரண்டு பெயர் இருப்பவர்களுக்கு நடுவில் அதைப் போட்டுத்தான் எழுதுவார்கள். பள்ளியில் பெயர் கூப்பிடும்போது எலியாஸ். மருத்துவமனையில் எலியாஸ். என் மனசும் அதை எலியாஸ் என்றே வாசித்துக் கடந்து போயிருக்கிறது. அருளப்பு குரலில் ஒவ்வொன்றாக வாசித்தபோதுதான் அது அட் ஆனது.

நார்வேச் சர்வருக்கு எலியாஸ் தெரியுமா? பெயரையே ஒரு முகவரி என்று எடுத்துக்கொண்டு, அதற்குப் பக்கத்தில் இன்னொரு முகவரியும் இருக்கக் கண்டு, இதென்ன குளறுபடி என்று துரத்திவிட்டிருக்கிறது. நம் ஊர்ச் சர்வர்கள் பல இதைக் கண்டும் காணாமல் விட்டுவிடும். நார்வே கறாரான ஊர்.

நாற்காலியில் சாய்ந்து சிரித்தேன். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஸ்பேஸ் எண்டதை இன்னும் கொஞ்சம் இழுக்க வேணும், வசந்தா."

திரு. அருளப்பு கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

இதில் சிரிப்பதற்கு எனக்கு அதிக நேரம் கிடைக்கவில்லை. அந்தப் பெயர் அந்த வரிக்கு எப்படி வந்தது? முன்பெல்லாம் வெறும் 'பாக்கியம்' என்றுதான் போகும். மூன்று மாதத்துக்கு முன், வெளியே போகும் மெயிலில் எல்லாருடைய பெயரும் ஐசியில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்று மனிதவளப் பிரிவு கேட்டது. அதற்குச் சர்வரில் ஒரு விதி எழுதினார்கள். எழுதினார்கள் என்ன எழுதினார்கள், நான்தான் எழுதினேன். மூன்றே வரி. நம் ஆட்கள் பெயரில் அப்பா பெயருக்கு முன்னால் 'எஸ்/ஓ', 'டி/ஓ' என்று வரும் சாய்கோட்டைக் கண்டுதான் பயந்தேன். என் பெயரிலேயே சாய்கோடு இருக்கிறதே, அதைப் போட்டு அனுப்பிப் பார்த்தேன், போனது. கையைத் தட்டிவிட்டு எழுந்துவிட்டேன். சுழியை நினைக்கவே இல்லை. பெயரின் இருபுறமும் மேற்கோள் குறி போட்டிருந்தால் எந்தச் சர்வரும் வாயைத் திறந்திருக்காது. அலுவலகத்தில் சுழிப் பெயர் இன்னும் இரண்டு பேருக்கு உண்டு. ஒருவர் வேன் ஓட்டுகிறவர், இன்னொருவர் ஸ்டோர்க்காரர். இருவரும் வெளியே மெயில் அனுப்புவதில்லை.

மேற்கோள் குறியைப் போட்டேன். நார்வே 250 என்றது.

பிறகு விசாரணைக்கு ஒரு அறிக்கை எழுதினேன். ஒரு பக்கம். பாக்கியம் அனுப்பினார், லாக் இதோ. எங்கள் சர்வர் அனுப்பியது. எதிர்ச் சர்வர் அனுப்புநர் வரியைக் காரணம் காட்டி ஏற்க மறுத்தது. இப்போது சரிசெய்யப்பட்டது. ஒரு வரிகூடப் பொய் இல்லை. எனக்கு ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. அதற்குப் பிறகும் மறுவேலை தருவார்களா என்பது அந்த மாதம்தான் முடிவாக இருந்தது. நான் கெட்டிக்காரியாகத்தான் எழுதியிருந்தேன்.

திரு. அருளப்பு அடிக்கோலை வைத்து வாசித்தார். கமா, புள்ளி எல்லாம். முடித்துவிட்டு, "எல்லா வரியும் சரி. உங்கட பேரைத்தான் காணேல்லை" என்றார்.

"அது எதுக்கு சார்? அவங்க வேலை தப்பிச்சுடும்ல?"

"தப்பும். ஆனா ஏதோ அவவின்ர பேரில பிழை எண்டுதான் எல்லாரும் நினைப்பினம்."

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் அதிகமாக வந்தது. பேப்பரைப் பிடுங்கிக்கொண்டு கதவு வரை போய்விட்டேன். "வசந்தா, என்ர பேரையும் போடுங்கோ. அந்த மாற்றத்துக்குக் கையெழுத்து வைச்சது நான்" என்றார். அடிக்கோல் பைக்குள் போனது. அவர் என்னைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை விசாரணை இருபது நிமிடம்கூட நடக்கவில்லை. மனிதவளப் பிரிவுத் தலைவர் எங்கள் இருவர் பெயரும் ஏறிய அறிக்கையைப் படித்தார். விதியை எழுதியது நான், சுழியை மறந்தது நான், ஆதாரத்தை அழிக்கச் சொன்னதும் நான் என்று வாயாலும் சொன்னேன். சொல்லும்போது காது இரண்டும் சுட்டது. அவர் பாக்கியத்திடம் மரியாதையாகத்தான் கேட்டார், இந்தத் தொந்தரவு மறுபடி வராமல் இருக்கப் பெயரிலிருந்து அந்தச் சுழியை எடுத்துவிடலாமே என்று.

பாக்கியம் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "சார், எங்க அப்பா எனக்கு வச்சது ஒரே பேரு. பாக்கியம். பிறப்புச் சான்றிதழ் எழுதுனவரு பி ஃபார் பேப்பர் போட்டாரு. ஸ்கூல்ல டீச்சர் பி ஃபார் பஸ் போட்டாங்க. ஐசி எடுக்கப் போனப்ப ரெண்டையும் சேத்து நடுவுல இத வச்சாங்க. நான் எதையும் வைக்கல. நான் எதுக்கு எடுக்கணும்?" பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் சொன்னார். தலைவருக்கு முழுதும் புரிந்திருக்காது. ஆனால் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

குற்றச்சாட்டு தள்ளுபடி. எனக்கும் திரு. அருளப்புவுக்கும் ஆளுக்கொரு எச்சரிக்கைக் கடிதம். மறுவேலை பிறகு கிடைத்தது, ஆனால் அன்றைக்கு அது தெரியாது.

லிப்டுக்குக் காத்திருக்கும்போது பாக்கியம் நன்றி சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். பாருங்கள் என் திமிரை. அவர் லிப்ட் கதவையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "லெட்டர் வந்த அன்னிக்கு வீட்ல காட்டுனேன். எம் பொண்ணு என்ன கேட்டா தெரியுமாக்கா? 'அம்மா, நெஜமாவே அனுப்புனீங்களா?' அவளே கேட்டுட்டா. இப்ப நான் போயி, மெஷின் தப்பு பண்ணிடுச்சுன்னு சொன்னா, சும்மா சொல்றேன்னு நெனப்பா."

"நான் வந்து சொல்றேன்" என்றேன். வாய் முந்திக்கொண்டது.

"வாங்க" என்றார்.

அன்று சாயங்காலமே தோ பாயோவில் அவர் வீட்டுக்குப் போனேன். கையில் லாக்கின் அச்சுப் பிரதி. வழியில் கொஞ்சம் ஜிலேபி வாங்கிக்கொண்டேன், வெறும் தாளோடு போக எனக்குத் தைரியம் இல்லை. மகள் திவ்யாவுக்குப் பதினேழு வயது. சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து என்னை அளந்தாள். நான் தாளை மேஜையில் விரித்து, சுழிக் கதையைச் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்த இடத்தில் சிரிக்கவில்லை.

"ஆண்ட்டி, ஸோ அம்மா எல்லா வீக்கும் அனுப்புனாங்களா?"

"எண்ணிப் பாரு. ஒரு வரிக்கு ஒரு வாரம்."

அவள் விரலை வைத்து எண்ணினாள். பொறுமையாக, இரண்டு தடவை. பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "அம்மா, லெவன்" என்றாள்.

அடுப்படியில் பாக்கியம் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். திரும்பாமலே, "பன்னெண்டு" என்றார்.

திவ்யா என்னைப் பார்த்தாள். நான் தாளைப் பார்த்தேன். பதினொன்றுதான்.

"தைப்பூசத்துக்கு மொத நாளு ஒண்ணு" என்றார் பாக்கியம். "மறுநாள் பால்குடம் எடுக்கணும்னு லீவு போட்டிருந்தேன். ஆனா புதன்கிழமையாச்சே. காலைல ஆபிஸ் வந்து அனுப்பிட்டுத்தான் திரும்புனேன்."

எங்கள் சர்வர் எழுபத்தைந்து நாளைக்கு மேல் லாக்கை வைத்திருக்காது. பழையது தானாக அழிந்துவிடும். அந்தப் புதன்கிழமை எழுபத்தைந்துக்கு வெளியே போய்விட்டது. அதற்கு என்னிடம் வரி இல்லை. இனி எங்கே தேடினாலும் கிடைக்காது. அருளப்பு அங்கே இருந்திருந்தால் அடிக்கோலைத் தூக்கியிருப்பார்.

"பேனா இருக்காம்மா?" என்று திவ்யாவிடம் கேட்டேன். வாங்கி, பதினோராவது வரிக்குக் கீழே பன்னிரண்டாவதை என் கையால் எழுதினேன். தைப்பூசத்துக்கு முதல் நாள், புதன்கிழமை காலை, பாக்கியம் அனுப்பினார். பக்கத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.